திருவாசகமும் திரையிசைஞரும்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்த முன்னோர், அம்மூன்றையும் ஒரு மரத்தின் கிளைகளாகவே கருதினர். இக்காலத்திலோ இயற்றமிழ் கற்பிப்பார் இசையறியார். இசைத்தமிழ் வல்லார் இலக்கணம் நாடார். இவ்விரு திறத்தாரும் எதிரெதிரே நின்று வழக்காடுதற்கு ஏற்ற களமாக அமைந்ததொரு படைப்பைப் பற்றி என் கருத்தை ஈண்டுக் கூற விழைகின்றேன். இளையராஜா அவர்கள் இசையமைத்து, 2005ஆம் ஆண்டு யூன் 30ஆம் நாள் சென்னையில் வெளியிடப்பெற்ற திருவாசக இசைத்தொகுப்பே அது.

வெளிவந்து இரு பதிற்றாண்டு சென்ற ஒன்றைப் பற்றி இப்பொழுது எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். வெளிவந்த காலத்தில் எழுந்த புகழுரையும் இகழுரையும் ஒருங்கே அடங்கிவிட்டன. ஆரவாரம் ஓய்ந்த பின்னரே ஒரு படைப்பின் தரத்தை அமைதியாக அளந்தறிதல் கூடும். அன்றியும், 2025ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் இலண்டன் மாநகரில் அவரது சிம்பொனி அரங்கேறியதை ஒட்டி, அவருடைய தனிப் படைப்புக்களைப் பற்றிய பேச்சு எங்கள் மாணாக்கரிடையே மீண்டும் எழுந்துள்ளது. எங்கள் வட்டாரத்தில் அண்மையில் நிகழ்ந்த ஒரு சிறு பிணக்கும் என்னை எழுதத் தூண்டிற்று. அதனை உரிய இடத்திற் கூறுவேன்.

படைத்தவரும் படைப்பும்

இளையராஜா 1943ஆம் ஆண்டு பண்ணைப்புரம் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். தமையனார் பாவலர் வரதராசனின் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சென்று இசைத்தவர். பின்னர்ச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசையை அதன் எழுத்துமுறையோடு பயின்றவர். 1976இல் அன்னக்கிளி வாயிலாகத் திரையுலகிற் புகுந்து, நாட்டுப்பாடலின் மெட்டை நகரத்தார் செவிக்கும் இனிதாக்கியவர். இலங்கை வானொலி வாயிலாக அவர் பாடல்கள் எங்கள் இல்லங்களிற் புகுந்த காலத்தில் யான் சிறுவன். என் தலைமுறையினர் அவர் மெட்டுக்களைக் கேட்டே வளர்ந்தோம் என்பதை மறைப்பதிற் பயனில்லை.

திரையிசைஞனின் தொழில் பொற்கொல்லன் தொழிலை ஒத்தது. கழுத்து ஒருவருடையது; பொன் மற்றொருவருடையது; அளவும் பிறர் தருவது. நாலைந்து நிமிடத்துள், கதை வேண்டும் உணர்ச்சியை, இயக்குநர் வேண்டும் வண்ணம் அமைத்துக் கொடுத்தல் வேண்டும். அவ்வளவுக்குள் அரிய வேலைப்பாடு செய்தவர் இவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பிறர் தந்த அளவிலேயே வாழ்நாள் முழுதும் அணிசெய்த கொல்லனுக்கு, தானே அளவு வகுத்து ஒன்று செய்து பார்க்கும் வேட்கை எழுதல் இயல்பு. 1986இல் தியாகராசரையும் செருமானிய இசைமேதை பாக்கையும் ஒருங்கே போற்றி ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். 1988இல் அரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலை நடுவாக வைத்து மற்றொன்று செய்தார். 1993இல் இலண்டனில் ஒரு சிம்பொனியை ஒலிப்பதிவு செய்தார். அது மக்களுக்கு வெளியிடப்படவில்லை. இவற்றிலெல்லாம் சொல் இல்லை. இசை ஒன்றே உண்டு. சொல்லையும் இசையையும் சேர்த்து, தமக்குத் தாமே அளவு வகுத்துக்கொண்டு அவர் செய்த பெருமுயற்சி திருவாசகமே.

இத்தொகுப்பைப் பலரும் சிம்பொனி என்பர். அது பொருந்தாது. சிம்பொனி என்பது பெரும்பாலும் கருவியிசையாலாய பேரமைப்பு. சமயப் பொருளுடைய சொற்களைத் தனிப்பாடகரும் குழுப்பாடகரும் பாட, பல்லியம் துணைசெய்யும் வகையை மேனாட்டார் ஒரட்டோரியோ என வழங்குவர். திருவாசகத் தொகுப்பு இவ்வகையினது. அங்கேரி நாட்டின் புடாபெசுட்டு சிம்பொனி இசைக்குழு, இலாசுலோ கோவாக்சின் நெறியாள்கையில் இசைத்தது. சிவபுராணப் பகுதியின் இடையே வரும் ஆங்கிலப் பாவை அமெரிக்கரான சுடீவன் சுவாட்சு எழுதினார். இம்முயற்சியை முன்னின்று நடத்திய தமிழ் மையத்தை நிறுவியவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். வெரித்தாசு வானொலியில் முன்னர்ப் பணியாற்றிய அருட்டந்தை ஜெகத் கஸ்பார் அவர்களை ஈழத்தார் நன்கு அறிவர்.

திருவாசகத்தின் ஐம்பத்தொரு பகுதிகளுள் ஆறு இத்தொகுப்பில் இடம்பெறுகின்றன. யாத்திரைப்பத்து முதலில் நிற்கின்றது; பின்னர்ச் சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்தபத்து, திருப்பொற்சுண்ணம் என்பன வருகின்றன; அச்சப்பத்து இறுதியில் அமைகின்றது. இவற்றின் எல்லாப் பாடல்களும் பாடப்பெறவில்லை. தெரிந்தெடுத்தனவே பாடப்பெறுகின்றன.

திரையிசைஞர் திருமுறையைத் தொடலாமா?

இப்படைப்பின்மீது கூறப்படும் முதற் குற்றச்சாட்டு, காதற்பாட்டுக்கு மெட்டமைத்த கை திருமுறையைத் தீண்டலாகாது என்பது. இதனைக் கூறுவோர் திருவாசகத்தின் பொருளடக்கத்தையேனும் ஒருமுறை நோக்கினாரல்லர்.

திருவம்மானை, திருப்பொற்சுண்ணம், திருக்கோத்தும்பி, திருத்தெள்ளேணம், திருச்சாழல், திருப்பூவல்லி, திருவுந்தியார், திருத்தோணோக்கம், திருப்பொன்னூசல் என்பன யாவை? மகளிர் காயாடும்போதும், உரலிலிடிக்கும்போதும், பூக்கொய்யும்போதும், ஊசலாடும்போதும் பாடிய பாட்டுக்கள். அவற்றுட் சில சிலப்பதிகாரக் காலத்திலேயே தெருவிலும் முற்றத்திலும் வழங்கின. வஞ்சிக்காண்டத்து வாழ்த்துக் காதையைக் கற்றார் இதனை அறிவர். மணிவாசகர் ஓர் அரசனின் அமைச்சர். வடமொழியும் தமிழும் வல்லவர். அவர் நினைத்திருந்தால் அகவலும் வெண்பாவுமாகவே நூலை முடித்திருக்கலாம். அவரோ சிறுமியர் வாயில் வழங்கிய விளையாட்டுப் பாட்டின் மெட்டை எடுத்து, 'திரு' என்னும் அடைமொழியை முன்னே சேர்த்து, இறைவன் சந்நிதியில் வைத்தார். அக்காலத்துத் தெருப்பாட்டை இழிந்ததென்று அவர் கருதியிருப்பாராயின், இன்று நமக்குத் திருவாசகத்தின் அழகிற் பாதி இல்லை.

அன்று புலவர் நாட்டுமெட்டை எடுத்துத் திருப்பாட்டாக்கினார். இன்று நாட்டுமெட்டில் வளர்ந்த இசைஞர் ஒருவர் அத்திருப்பாட்டினிடம் வருகின்றார். வந்த வழி ஒன்றே, திசைதான் மாறியது. இதில் இழுக்கு யாது?

மேனாட்டிலும் இவ்வழக்கு நிகழ்ந்துண்டு. இசைநாடகங்கள் இயற்றிப் பெயர்பெற்ற ஆண்டெல் என்பார், விவிலியச் சொற்களைக் கொண்டு மெசியா என்னும் ஒரட்டோரியோவை அமைத்தார். அது 1742இல் தபிளின் நகரில் அரங்கேறியது. மறு ஆண்டு இலண்டன் நாடகசாலையில் அதனை இசைத்தபோது, திருமறைச் சொல்லை நாடகக்காரர் வாயில் வைப்பதா என்று கண்டித்தோர் பலர். இன்று கிறித்தவ உலகம் அதனைத் தன் செல்வமெனப் போற்றுகின்றது. கண்டித்தோர் பெயரை நினைப்பார் இல்லை.

அயற்கருவியும் தமிழ்ப்பண்ணும்

இரண்டாவது குற்றச்சாட்டு, ஓதுவார் பண்ணோடு பாடவேண்டியதனை அயல்நாட்டுக் கருவிகளுக்கு இரையாக்கினார் என்பது. இதில் ஓர் உண்மை மறக்கப்படுகின்றது. தேவாரத்துக்குப் பண் வகுக்கப்பட்டது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவர் நம்பியாண்டார் நம்பி காலத்தில் அப்பண்களை எடுத்தோதினார் என்பது வரலாறு. திருவாசகத்துக்கோ அவ்வாறு பண்ணடைவு இல்லை. மோகனத்தில் ஓதுதல் பெருவழக்கு. அது வழக்கேயன்றி விதியன்று. ஆகவே மணிவாசகரின் சொல், இசைஞனுக்குத் திறந்த வாயிலாகவே இருந்துவந்தது. வாயில் திறந்திருக்க உட்புகுந்தவரைச் சுவரேறிக் குதித்தவர் என்பது முறையன்று.

கருவியைப் பற்றியோ சொல்லவேண்டுவதில்லை. இன்று கருநாடக இசைமேடையில் பக்கவாத்தியமாக வீற்றிருக்கும் வயலின், முத்துச்சுவாமி தீட்சிதரின் தம்பியார் பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் அயலிலிருந்து வந்து நம்மதாயிற்று. எங்கள் கோயில் பசனைகளில் ஒலிக்கும் ஆர்மோனியமும் ஐரோப்பியரது. இவற்றை ஏற்ற செவி, ஏனையவற்றை மட்டும் தீட்டென்பது எவ்வாறு?

இவ்வூரார்க்கு இதனைக் கூற ஒரு தனி உரிமை உண்டு. 1892இல் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவார். அவர் சிலப்பதிகார அரங்கேற்று காதையை ஆராயப் புகுந்தபோது, பழைய உரையை ஒரு கையிலும் கணிதத்தை மறு கையிலும் ஏந்தினார். வழக்கொழிந்த யாழின் நரம்புகளுக்கு அளவு கண்டு, யாழ்நூலை இயற்றினார். 1947ஆம் ஆண்டு யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அது அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். அவரே மதங்கசூளாமணியில் செகப்பிரியரின் நாடகங்களைத் தமிழ்நாடக இலக்கணத்தோடு ஒருங்கு வைத்து நோக்கினார். மேனாட்டறிவைக் கண்டு அஞ்சி ஒதுங்காமலும், அதற்கு அடிமையாகாமலும், அதனைத் தமிழின் பணிக்கு ஏவல்கொண்டவர் அவர். அவர் பிறந்த மண்ணில் நின்றுகொண்டு, பல்லியம் அயலது ஆதலின் ஆகாது என்று கூற என் நா எழவில்லை.

யான் காணும் குறைகள்

இவ்வளவு கூறியதனால் இப்படைப்பைக் குறையற்றதென யான் கொள்வதாக எவரும் நினைத்தல் வேண்டா. பிராசீன பாடசாலையில் யாப்புக் கற்பிப்பவன் செவிக்குச் சில உறுத்தல்கள் உண்டு. அவற்றை மறைத்தல் நடுவுநிலையன்று.

முதலாவது, சிவபுராணம் கலிவெண்பாவாலாய தொண்ணூற்றைந்து அடிகளையுடைய ஒரே தொடர். வாழ்த்தித் தொடங்கி, வெற்றி கூறி, போற்றி உரைத்து, அதன் பின்னரே புலவர் தம் சிறுமையை நோக்கித் திரும்புகின்றார். இறைவன் பெருமையைக் கண்ட பின்னர்த் தன் சிறுமையைக் காண்பதே அப்பாட்டின் நெறி. இசைஞரோ தன் சிறுமை கூறும் இடைப்பகுதியிலிருந்தே தொடங்குகின்றார். இருபது நிமிட அளவில் நீளும் அவ்வமைப்பு உருக்கமுடையது, ஐயமில்லை. கடலோரத்தில் நிற்பவன் கடலைப் பார்த்த பின்னரே தன்னைச் சிறியன் என்பான். கடலைக் காட்டாது சிறியேன் என்று மட்டும் சொல்வித்தால், கேட்பவன் அழுகின்றான். ஏன் அழுதான் என அறிகின்றானல்லன்.

இரண்டாவது, ஆங்கிலப் பாடலின் இடைப்புகவு. அச்சொற்கள் மொழிபெயர்ப்பல்ல; மணிவாசகரின் நெகிழ்ச்சியை வேற்று மொழியாளர் ஒருவர் தம் மனத்தாற் கண்டு எழுதியவை. போப்பையர் 1900ஆம் ஆண்டிலே திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்திற் பெயர்த்து அளித்தார். ஆயினும் அதனைத் தமிழ்ப் பாட்டின் நடுவே செருகினாரல்லர். அயலார் உணர்தற்கு ஆங்கிலம் வேண்டுமெனின் அதனைத் தனியே ஒரு பகுதியாக வைத்திருக்கலாம். ஒரே மூச்சில் இரு மொழி வரும்போது, தமிழ் அறிந்தார்க்கு ஒழுக்கு அறுகின்றது.

மூன்றாவது, பல குரல்கள் வெவ்வேறு சுரத்தில் வெவ்வேறு நேரத்தில் ஒலிக்கும் மேனாட்டு முறையிற் சொல் மங்குதல். குறில் நெடிலாக நீள்கின்றது. ஒரு சீரின் நடுவே தாளம் வெட்டுகின்றது. தமிழில் குறிலும் நெடிலும் வேறுபடின் பொருளே வேறுபடும் என்பதனைச் சிறுபிள்ளையும் அறியும். இக்குறை தமிழர் மட்டும் கூறுவதன்று. பதினாறாம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையாரும், பல குரலிசையில் திருச்சொல் புதைகின்றதே என்று கவன்று, சொல் தெளிவாக விளங்கும்படி இசை அமைதல் வேண்டும் என வற்புறுத்தினர். அடுத்தொருவர் இத்துறையிற் புகுவாராயின், தமிழிலக்கணம் வல்லார் ஒருவரை அருகில் இருத்திக்கொள்ளுதல் நலம்.

ஆயினும் குறை கூறுவார் ஒன்றை எண்ணல் வேண்டும். சொல் சிதைகின்றது என்னும் நாம், சிதையாமற் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் எத்தனை பேர்? பாடநூலில் இரண்டு பாடலை மனனம் செய்வித்து, வினாத்தாளில் அணியைக் கேட்டு, புள்ளியிட்டு முடித்தோம். திருவாசகத்துக்கு உருகாதார் பிறிதெதற்கும் உருகார் என்பது பழமொழி. நம் வகுப்பறையில் எவரும் உருகக் காணேன்.

சுண்ணப்பாட்டு

இனி நான்காவது குற்றச்சாட்டு. இது நூலிலில்லாதது, எங்கள் வாழ்விலுள்ளது. இதனை எழுதவே முதன்மையாக யான் எழுதுகோலை எடுத்தேன்.

எங்கள் வட்டாரத்துப் பாடசாலை ஒன்றில், விழாவொன்றின்பொருட்டு மாணவியர் சிலர் இத்தொகுப்பிலுள்ள திருப்பொற்சுண்ணத்துக்கு ஆடல் பயின்றனர். செய்தி ஊரில் பரவியது. சாவீட்டுப் பாட்டை மேடையேற்றுவதா என்று பெரியோர் சிலர் சினந்தனர். விழாவுக்கு முன்னரே அவ்வாடல் நிறுத்தப்பட்டது. பிள்ளைகள் அழுதனர், பெரியோர் கடமை செய்தோம் என அமைந்தனர்.

தமிழ்நாட்டு வாசகர்க்கு இது விளங்காது. ஈழத்துச் சைவர் மரபில், இறந்தவர் உடலைக் கிரியை செய்து வழியனுப்பும்போது, முற்றத்தில் உரலிட்டுச் சுண்ணம் இடிப்பர். இடிக்கும்பொழுது ஓதப்படுவது திருப்பொற்சுண்ணம். அதனால், அப்பாட்டின் முதற்சொல் செவியில் விழுந்ததும் எங்கள் மக்களுக்கு உடல் சில்லிடுகின்றது. தந்தையையோ தாயையோ இழந்த நாள் கண்முன் வருகின்றது. மங்கல வீட்டில் அதனை எவரும் பாடார்.

ஆனால் அப்பாட்டு யாது? இருபது பாடல்களிலும் ஓர் அழுகை உண்டா? மகளிர் திரண்டு, மாலை தூக்கி, விளக்கேற்றி, பாலிகை வைத்து, இறைவன் திருமுழுக்குக்கு வேண்டிய மணப்பொடியை உரலிலிட்டு இடிக்கின்றனர். வளை ஒலிக்கின்றது, கூந்தல் அசைகின்றது, உலக்கை உயர்கின்றது, ஊர் விழாக்கோலம் கொள்கின்றது. திருவாசகம் முழுவதிலும் இத்துணைக் களிப்புடைய பகுதி அரிது. இளையராஜா அக்களிப்பை உணர்ந்தார். உலக்கைப் பாட்டுக்குரிய தாளத்தை அதற்கு ஊட்டி, மகளிர் குரலும் ஆடவர் குரலும் மாறி மாறி வர, ஒரு திருவிழாவாகவே அதனை அமைத்தார். இத்தொகுப்பின் மிகச் சிறந்த பகுதி இதுவே என்பது என் துணிபு. இங்கு அவருடைய நாட்டிசைப் பயிற்சியும் மணிவாசகரின் உள்ளமும் ஒன்றாகின்றன.

அவ்வாறாயின் நம் முன்னோர் ஏன் களிப்புப் பாட்டைத் துயர்வீட்டில் வைத்தனர்? அறியாமையாலன்று. உயிர் சிவனையடைந்தது, ஆதலின் எஞ்சிய உடலும் சிவனுக்குரிய பொருளாய் முழுக்காட்டப்படுகின்றது. சாவை ஒரு திருமுழுக்காக்கிக் காட்டிய பேருள்ளம் அது. அழுகின்ற வீட்டில் களிப்பின் சொல்லை ஓதி, இஃது இழப்பன்று என்று கூறாமற் கூறினர். பிற்காலத்து நாமோ அச்சொல்லின் பொருளை மறந்து, அச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். பாட்டு சாவுக்கு ஒளி தருவதற்காக வந்தது; சாவோ பாட்டை இருளாக்கிவிட்டது.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாளை இக்கரையில் எவரும் மறவார். மார்கழிப் பூரணை, திருவெம்பாவைக் காலத்தின் நிறைவை ஒட்டிய நாள். சங்கும் சேமக்கலமும் ஒலித்த விடியல்களின் பின்னே கடல் எழுந்து வந்தது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டமே. காரைதீவும், சாய்ந்தமருதும், கல்முனையும், மருதமுனையும் ஒரே நாளிற் பிணக்காடாயின. அன்று இறந்தோருட் பலருக்குச் சுண்ணம் இடிக்க முற்றமில்லை, உரலில்லை, ஓதுவாரில்லை. அயலூர் முஸ்லிம் மக்களும் தம்மவர் பலரை முறைப்படி நீராட்டிக் கபனிட இயலாமல் அடக்கம் செய்தனர். துன்பம் ஒன்றாயிருந்தது.

ஆறு மாதம் கழித்து இத்திருவாசக இறுவட்டு எங்கள் ஊருக்கு வந்தது. தற்காலிகக் கொட்டிலொன்றில் இளைஞன் ஒருவன் அதனை ஒலிக்கவிட்டான். பொற்சுண்ணம் தொடங்கியது. அருகிலிருந்தோர் திடுக்குற்று நிறுத்தச் சொன்னார்கள். கடலுக்குத் தன் மகளைக் கொடுத்திருந்த தாய் ஒருத்தி மட்டும் கையை உயர்த்தி, "என்ட புள்ளைக்குப் படிக்காத பாட்டு. படிக்கட்டும், நிப்பாட்டாத மகன்" என்றாள். பாட்டு முடியும்வரை எவரும் அசையவில்லை.

அன்று அவ்விசை செய்ததனை எந்த விமர்சனமும் அளவிடாது. புடாபெசுட்டிலிருந்து வந்த வயலின்கள், ஓர் ஈழத்துத் தாயின் முற்றத்தில் நிகழாத கிரியையை நிகழ்த்தின. அத்தாய் அதனைச் சாவுப்பாட்டாகவும் கேட்டாள். மகளை மங்கலமாக அனுப்பும் பாட்டாகவும் கேட்டாள். முன்னோர் எண்ணிய பொருளும் இசைஞர் கண்ட பொருளும் அவளிடத்தில் முரண்படவில்லை. கற்றறிந்த நாமே இரண்டினையும் முரண்படுத்தி, பிள்ளைகளின் ஆடலை நிறுத்துகின்றோம்.

செய்யத்தக்கது

யான் கூறுவது ஓதுவார் மரபைக் கைவிடுக என்பதன்று. பல்லியம் வந்துவிட்டது, ஆதலின் பண்ணோதல் வேண்டா என்பார் இருவிதத்திலும் இழப்பர். தனிக்குரலில், ஒரு சுருதியில், சொல் ஒவ்வொன்றும் மணிபோல உதிர ஓதும் முறைக்கு ஈடு இல்லை. அதனைக் கோயில் வண்ணக்கர்மாரும் ஆலய பரிபாலன சபையினரும் பேணுதல் கடமை. வைகாசிச் சடங்கில் கண்ணகை அம்மனுக்கு வழக்குரை காதையைப் படிக்கும் முறையை இவ்வூரார் விடாது காத்துவருகின்றனர். அத்தகைய காவல் திருவாசகத்துக்கும் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருப்பொற்சுண்ணம் இருபது பாடலையும் பொருளோடு வகுப்பிற் கற்பியுங்கள். ஓதுவார் ஒருவரை அழைத்து ஓதச் செய்யுங்கள். அதன் பின்னரே இறுவட்டை ஒலிக்கவிடுங்கள். எங்கே சொல் விளங்குகின்றது, எங்கே மங்குகின்றது, எங்கே தாளம் பொருளைத் தாங்குகின்றது என்று மாணாக்கரையே கேளுங்கள். அவர்கள் குறைகாணவும் கற்பர், உருகவும் கற்பர். எந்தச் செய்யுட்பாடமும் இவ்வளவு பயன் தாராது. பிள்ளைகள் ஆடவிரும்பின், பெரியோரை அழைத்துப் பொருளை எடுத்துரைத்த பின் ஆடட்டும். பொருள் விளங்கின் அச்சம் நீங்கும்.

இதனைச் சைவரது வீட்டுச் செய்தியெனப் பிறர் ஒதுங்குதலும் வேண்டா. சாய்ந்தமருதைச் சேர்ந்த ஆசிரிய நண்பர் ஒருவர் சீறாப்புராணத்தை இசையோடு படிப்பதில் வல்லவர். தம் பாட்டனார் காலத்தில் அந்நூலைக் கூடியிருந்து கேட்போர் பலர் என்றும், இன்று பாடநூலிற் பார்ப்போரே உளர் என்றும் அவர் வருந்துவதுண்டு. மெட்டு மறைந்தால் நூலும் அலமாரிக்குப் போய்விடும் என்பது அவர் பட்டறிவு. கல்முனைக் கரையின் தமிழ் இரு சமயத்தாரதும் முதுசொம். ஒருவர் வீட்டுப் பாட்டு மங்கும்போது மற்றவர் வீட்டுப் பாட்டு மட்டும் ஓங்காது.

இளையராஜாவின் திருவாசகம் முடிந்த முடிபன்று. ஆறு பகுதிகள் போக எஞ்சிய நாற்பத்தைந்தும் இன்னும் இசைஞரை நோக்கிக் காத்திருக்கின்றன. திருவம்மானைக்கு எங்கள் கரையின் மெட்டு ஒன்றைப் பொருத்தலாம். திருவுந்தியாருக்கு வசந்தன் ஆடலின் தாளம் ஒன்றைக் காணலாம். அதனைச் செய்யும் இசைஞர் சென்னையிலோ இலண்டனிலோ தான் பிறக்கவேண்டும் என்னும் நியதி இல்லை. யாழின் நரம்புக்கு அளவு கண்டவர் பிறந்த ஊரில் அத்தகையவர் ஒருவர் தோன்றலாம். அவர் தோன்றும்போது சாவீட்டுப் பாட்டென்று சொல்லி அவர் வாயை அடைக்காதிருத்தலே நாம் இப்பொழுது செய்யத்தக்க தமிழ்ப்பணி.